ப்ரொடெல், ஆல்டியம், ரெனேசாஸ்: வகுப்பில திருப்பித் திருப்பிக் கேக்கிற கேள்வியள்

கிளிநொச்சியில ஞாயிற்றுக்கிழமையள்ல பெடி பெட்டையளுக்கு சேர்க்கிட் போர்ட் கீறப் பழக்கிறன், ஆல்டியம் எண்டது அதுக்குப் பாவிக்கிற ஒரு கொம்பியூட்டர் சொஃப்ட்வெயார். மற்ற நாள்ல இன்வேர்ட்டர், தண்ணி மோட்டர் கொன்ட்ரோலர், சார்ஜர் எண்டு திருத்து வேலை. ஒவ்வொரு புது செற் வரேக்கயும் அதே கேள்வியள்தான், சிலது பெடியள் கேக்கிறது, சிலது அவையின்ர அப்பாமார் கடைக்கு வந்து கேக்கிறது, சிலது வேலை செய்து பழகின ஆக்கள் என்னை மடக்கக் கேக்கிறது. கேட்டமாதிரியே எழுதிப்போட்டு எனக்குத் தெரிஞ்சதைக் கீழ சொல்லியிருக்கிறன்.

அக்கா, ஆல்டியம் எண்டா ஓட்டோகாட் மாதிரி கீறுற சாமான்தானே?

கீறுறது எண்டது சரி. ஆனா ஓட்டோகாட்டில, அதாவது வீட்டுப் படம் கீறுற சொஃப்ட்வெயாரில, ஒரு கோடு கீறினா அது வெறும் கோடு, அது வேலியோ சுவரோ எண்டு அதுக்குக் கவலையில்லை. இதில கோடு கீறினா அது வயர், எந்த ரெசிஸ்டரின்ர காலில இருந்து எந்த ட்ரான்சிஸ்டரின்ர காலுக்குப் போகுது எண்டு சொஃப்ட்வெயாருக்கே தெரியும், தெரியாத்தனமா வேற வயரில முட்ட விட்டா அந்த இடம் பச்சைப் பசேலெண்டு மாறி நிக்கும், திருத்துமட்டும் போகாது.

ரெண்டு படி வேலை. முதல்ல ஸ்கிமாட்டிக், அதாவது எது எதோட தொடுக்குது எண்ட படம். பேந்து பிசிபி, அதாவது உண்மையான போர்ட்டில ஒவ்வொரு சாமானும் எங்க இருக்கோணும், செப்பு எந்த வழியால ஓடோணும் எண்டது. உங்கட போன் சார்ஜரைக் கழட்டிப் பாத்தா உள்ள ஒரு சின்னப் பலகை இருக்குமே, அதைச் செய்யிறதுக்கு முதல் ஆரோ ஒராள் இப்பிடி ஒரு சொஃப்ட்வெயாரில கீறித்தான் இருப்பார்.

ப்ரொடெல் வேற, ஆல்டியம் வேறயோ? எங்கட மாஸ்டர் ப்ரொடெல் எண்டுதான் சொல்லுவார்.

ஒண்டுதான். உங்கட மாஸ்டர் என்ர வயசு ஆளா இருப்பார். 1985ல தொடங்கேக்க கொம்பனியின்ர பேர் ப்ரொடெல், 2001ல ஆல்டியம் எண்டு மாத்தினவை, 2024ல ஜப்பான்ர ரெனேசாஸ் கொம்பனி முழுசா வாங்கிட்டுது. சிவில் வேலை செய்யிற ஆக்கள் இப்பவும் எக்ஸ்கவேட்டரை ஜேசிபி எண்டுதானே சொல்லினம், அப்பிடித்தான் ப்ரொடெல் எண்ட பேர் ஆக்களின்ர வாயில நிண்டிட்டுது.

இது அமெரிக்கா கொம்பனியோ சீனா கொம்பனியோ? ரெண்டுமாதிரியும் சொல்லினம்.

ரெண்டுமில்லை, தொடங்கினது அவுஸ்திரேலியாவில. அதுவும் சிட்னி மெல்பேண் இல்லை, அதுக்கும் கீழ தனியாக் கிடக்கிற தஸ்மேனியாத் தீவில. நிக் மார்ட்டின் எண்டவர் அங்கத்தைய பல்கலைக்கழகத்தில எலக்ட்ரோனிக்ஸ் டிசைன் வேலை செய்துகொண்டிருந்தவர், அந்த நேரம் போர்ட் கீறுற நல்ல சிஸ்டம் எல்லாம் தனி வேர்க்ஸ்டேஷன் எண்ட பெரிய மெஷின்களிலதான் ஓடும், மெஷினும் சொஃப்ட்வெயாரும் சேத்து வாங்க பெரிய கொம்பனியளாலதான் ஏலும். அவருக்கு வந்த யோசனை, மேசையில கிடக்கிற சாதாரண பிசியில இதை ஓட வைச்சா என்ன எண்டது. அவ்வளவுதான் கதை. 1985ல டொஸில, அதாவது விண்டோஸுக்கு முந்தின எழுத்துத் திரையில, ஓடுற ஒரு பிசிபி சொஃப்ட்வெயார் வெளியில வந்தது.

எனக்கு இந்தப் பகுதி சரியாப் பிடிக்கும். கலிபோர்னியாவில இருந்திருந்தா அவருக்கு இந்த யோசனை வந்திருக்குமோ தெரியாது, அங்க அந்த மெஷின் பக்கத்து ரூமில இருந்திருக்கும். சாமான் கிடைக்காத இடத்தில இருக்கிறவைக்குத்தான் இருக்கிறதை வைச்சு ஒப்பேற்றுற புத்தி வரும், அதை வன்னியில இருக்கிற ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சீனா, அமெரிக்கா எண்டு சொல்லுறதிலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, அது பின்னுக்கு வருது.

கொம்பியூட்டர் வர முதல் என்னண்டு போர்ட் கீறினவை?

கையால. மைலர் எண்ட ஒளி ஊடுருவுற பிளாஸ்டிக் தாள், அதுக்கு மேல கறுப்பு ரேப். போர்ட்டின்ர உண்மையான அளவை விட ரெண்டு மடங்கு நாலு மடங்கு பெரிசா, ஒவ்வொரு கம்பிப் பாதைக்கும் மெல்லிய ரேப்பை ஒட்டி, வளையிற இடத்தில கத்தியால வெட்டி, கால் வாற இடத்தில வட்ட ஸ்டிக்கர் ஒட்டி, பிறகு அதைப் படமெடுத்துச் சின்னனாக்கிறது. ஒரு ஐசியை, அதாவது சிப்பை, அரை இஞ்சி தள்ளி வைக்கோணுமெண்டா அண்டைக்குச் சிவராத்திரிதான். இண்டைக்கும் சிப் செய்யிற ஆக்கள் டிசைனை முடிச்சுத் தொழிற்சாலைக்கு அனுப்பிறதை ரேப்-அவுட் எண்டு சொல்லினம்.

எங்கட வகுப்பிலயும் முதல் மாசம் கையாலதான். லேசர் பிரிண்டரில வழுவழுப்பான தாளில அடிச்சு, செப்புத் தகட்டில அயன்பொக்ஸால தேய்ச்சு, பெரிக் குளோரைட்டில போட்டு ஆட்டுறது. பழைய ஐஸ்கிரீம் டப்பாதான் எங்கட தொட்டி. செப்புக் கரைய மண்ணிறத் தண்ணி கலங்கி வரேக்க கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சி நிக்கிறதைப் பாத்த பிள்ளைக்குப் பிறகு சொஃப்ட்வெயார் விளங்கப்படுத்திறது சுகம். சட்டையில பட்டா போகாது, அதையும் சொல்லிப்போட்டன், பிறகு அம்மாமார் என்னைத்தான் பேசுறவை.

விண்டோஸில எப்ப வந்தது?

1991. விண்டோஸில ஓடுற முதல் பிசிபி டிசைன் சொஃப்ட்வெயார் ப்ரொடெல்தான். மற்றவை டொஸிலயும் வேர்க்ஸ்டேஷனிலயும் நிக்கேக்க இவை மவுஸோட ஜன்னலுக்க வந்திட்டினம். டொஸுக்குச் செய்த ஓட்டோட்ராக்ஸ், ஈசிட்ராக்ஸ் ரெண்டையும் பிற்காலத்தில காசில்லாம எல்லாருக்கும் குடுத்தவை.

1991ல எங்கட பக்கம் கரண்டே இல்லை. பற்றரியும் தடை. சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு வைச்சு, அண்ணா பெடலைக் கையால சுத்த, டைனமோவில இருந்து வாற வயரை ரேடியோவில குடுத்து அப்பா செய்தி கேப்பார், அண்ணா களைச்சா செய்தியும் களைச்சிடும். முக்கியமான இடத்தில சத்தம் இழுபட்டா அண்ணாவுக்குப் பேச்சு. அந்த டைனமோவுக்கும் ரேடியோவுக்கும் இடையில ஒரு டையோட்டும் கப்பாசிட்டரும் வைச்சு ஒழுங்காக்கித் தந்தவர் பக்கத்து வளவு மாமா, நான் முதல் பாத்த சேர்க்கிட் அதுதான், போர்ட் கூட இல்லை, தீப்பெட்டி மட்டையில குத்தி முறுக்கினது.

நல்லா ஓடின பேரை ஏன் மாத்தினவை?

1999 ஓகஸ்டில அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில இறங்கினவை, கையில காசு வந்தது, மற்றக் கொம்பனியளை வாங்கத் தொடங்கினவை. 2000ல அக்செல் எண்ட அமெரிக்கக் கொம்பனியை வாங்கினதில பி-காட் எண்ட இன்னொரு போர்ட் டிசைன் சொஃப்ட்வெயாரும் சேந்து வந்தது. டாஸ்கிங் எண்டதையும் அந்தக் காலமளவில எடுத்தவை, அது மைக்ரோகொன்ட்ரோலர் எண்ட சின்னக் கொம்பியூட்டர் சிப்புக்குள்ள போற புரோகிராமைச் செய்யிறதுக்கான சொஃப்ட்வெயார். இனி நாங்கள் போர்ட் மட்டும் இல்லை, போர்ட், சிப், புரோகிராம் எல்லாம் ஒரே இடத்தில எண்டு காட்டத்தான் 2001ல ஆல்டியம் எண்ட புதுப்பேர். ஆல்டியம் டிசைனர் எண்ட பேரில சொஃப்ட்வெயார் வந்தது அதுக்கும் நாலஞ்சு வருசம் கழிச்சு.

நான் இன்னும் பழைய ப்ரொடெல் 99 எஸ்ஈதான் பாவிக்கிறன், பெடியள் சிரிக்கிறாங்கள். அவ்வளவு மோசமோ?

சிரிக்கிறவையை விடுங்கோ. ஒருபக்க, ரெண்டுபக்க போர்ட்டுக்கு 99 எஸ்ஈ இண்டைக்கும் வேலை செய்யும், பழைய பென்டியத்தில ஓடினது இப்பத்தைய மெஷினில பறக்கும். நானும் அதிலதான் பழகினான்.

ஆனா ரெண்டு விசயம். விண்டோஸ் 7ல இருந்து லைப்ரரி, அதாவது உதிரிப்பாகங்களின்ர படத் தொகுப்பு, ஒண்டைச் சேக்கப் போனா இந்த பைலை அடையாளம் தெரியேல்ல எண்டு நிக்கும், செற்றிங் பைலைத் திறந்து கையால எழுதித்தான் சேக்கோணும், ஒவ்வொருக்காவும் அந்தக் கூத்து. மற்றது, அது ஸ்கிமாட்டிக், பிசிபி, லைப்ரரி எல்லாத்தையும் டிடிபி எண்ட ஒரே பைலுக்க மூட்டையாக் கட்டி வைக்கும். வசதிதான். ஆனா சேவ் பண்ணேக்க கரண்ட் போச்செண்டா மூட்டையோட போச்சு. யூபிஎஸ் இல்லாத வீட்டில இருந்து வேலை செய்யிறவை ஒவ்வொரு நாளும் கொப்பி எடுத்து வையுங்கோ, எனக்கு ஒருக்கா மூண்டு கிழமை வேலை அப்பிடிப் போனது.

கேடன்ஸ், சினாப்சிஸ், மென்டர் எண்டு சொல்லினமே, அவையும் இதே வேலைதானோ?

குடும்பம் ஒண்டு, வீடு வேற. சினாப்சிஸ் 1986ல தொடங்கினது, கேடன்ஸ் 1988ல ரெண்டு கொம்பனி சேந்து உருவானது, ரெண்டுக்கும் முக்கிய வேலை சிப்புக்கு உள்ள இருக்கிறதை டிசைன் பண்ணுறது, கோடிக்கணக்கான ட்ரான்சிஸ்டரை அடுக்கிற வேலை. மென்டர் 1981ல அமெரிக்காவின்ர ஓரிகனில தொடங்கினது, மேல சொன்ன பெரிய மெஷின் கூட்டத்தில அவையும் ஒராள், 2017ல ஜேர்மன்காரர் சீமென்ஸ் வாங்கிட்டினம். கேடன்ஸிட்டையும் மென்டரிட்டையும் போர்ட் கீறுற சாமானும் இருக்கு. ஓர்காட் எண்டு கேள்விப்பட்டிருப்பியள், அது 1999ல இருந்து கேடன்ஸின்ர கையில. ஆல்டியம் நிக்கிறது போர்ட் பக்கம், அதிலயும் ஒராள் ரெண்டுபேர் வேலை செய்யிற சின்னக் கொம்பனியளை நம்பி வளந்தது.

தொடங்கினவரையே துரத்திப்போட்டினம் எண்டது உண்மையோ?

துரத்தினது எண்டு சொன்னாலும் பிழையில்லை. 2009ல நிக் மார்ட்டின் ஆல்டியத்தின்ர விலையைத் தடாலெண்டு இறக்கி 3,995 அமெரிக்க டொலர் எண்டு போட்டவர், நிறைய ஆக்களிட்டப் போய்ச் சேரோணும் எண்ட யோசனை. 2011ல தலைமை அலுவலகத்தைச் சிட்னியில இருந்து ஷங்காய்க்குக் கொண்டுபோனவை, உங்கட சீனாக் கதை அங்கயிருந்துதான் வாறது. 2012 ஒக்டோபரில பணிப்பாளர் சபை அவரைப் பதவியில இருந்து எடுத்திட்டுது. 27 வருசம். தான் கட்டின வீட்டில இருந்து தன்னை எழுப்பினமாதிரி.

2014 தொடக்கத்தில தலைமைக்கு வந்தவர் ஆராம் மிர்காசெமி. இவர் புது ஆளில்லை, ஆரம்ப காலத்தில ப்ரொடெலில வேலை செய்து, விலகிப் போய் மோர்ஃபிக் எண்டு சொந்தமா ஒரு சொஃப்ட்வெயார் கொம்பனி நடத்தினவர், 2010ல ஆல்டியம் அந்தக் கொம்பனியை வாங்கேக்க அதோட திரும்ப வந்து சேந்தவர். அவர் காலத்தில தலைமை அமெரிக்காவின்ர சான் டியேகோப் பக்கம் போனது. 2015ல ஒக்டோபார்ட் எண்ட, எந்த உதிரிப்பாகம் எங்க என்ன விலை எண்டு தேடிப் பாக்கிற தளத்தையும் வாங்கினவை, அதை நான் தினமும் பாவிக்கிறன், அது சும்மா பாக்கலாம்.

ஓட்டோகாட் கொம்பனியும் இதை வாங்கப் பாத்ததாமே?

முதல் கேள்வியில வேற வேற சாமான் எண்டு சொன்னன், கொஞ்சத்தில ஒரே வீட்டுக்க வந்திருக்கும். 2021ல ஓட்டோகாட்டின்ர சொந்தக்காரர் ஓட்டோடெஸ்க், பங்கொண்டுக்கு 38.50 அவுஸ்திரேலிய டொலர் தாறம், மொத்தம் கிட்டத்தட்ட 500 கோடி எண்டு கேட்டவை. காணாது எண்டு சொல்லி ஆல்டியம் திருப்பி அனுப்பிட்டுது. அந்த நேரம் அவையைக் கொழுப்பு எண்டு சொன்ன ஆக்களும் இருக்கினம்.

2024 பெப்ரவரியில ரெனேசாஸ் வந்தது. பங்கொண்டுக்கு 68.50, மொத்தம் 910 கோடி அவுஸ்திரேலிய டொலர். ஓகஸ்ட் 1 அண்டு கை மாறினது. மூண்டு வருசம் பொறுத்ததுக்குக் கிடைச்ச வித்தியாசத்தை நீங்களே கழிச்சுப் பாருங்கோ.

ரெனேசாஸ் சிப் செய்யிற ஆக்கள்தானே, அவைக்கு ஏன் கீறுற சொஃப்ட்வெயார்?

நல்ல கேள்வி, இது திருத்துவேலை செய்யிற ஒராள் கேட்டது. ரெனேசாஸ் ஹிட்டாச்சி, மிட்சுபிஷி ரெண்டின்ரயும் சிப் பகுதியள் சேந்து 2003ல வந்தது, 2010ல என்ஈசியின்ர பகுதியும் சேந்தது. வாகனத்துக்குள்ள இருக்கிற கொன்ட்ரோல் யூனிட்டைத் திறந்தா அவையின்ர மைக்ரோகொன்ட்ரோலரைக் காணலாம்.

என்ர ஊகம் என்னெண்டா, ஒரு இஞ்சினியர் எந்த சிப்பைப் போடுறது எண்டு முடிவெடுக்கிறது கடையில இல்லை, கீறிக்கொண்டிருக்கேக்கதான். அந்தத் திரை ஆரின்ர கையிலயோ அவர் வாடிக்கையாளர் வர முதலே வாசலில நிக்கிறார். விதை நெல்லு விக்கிறவர் உழவு மெஷினையும் வாங்கினமாதிரி. மற்றக் கொம்பனி சிப்பையும் ஒரேமாதிரித்தான் காட்டுவம் எண்டு சொல்லினம், பாப்பம்.

இப்பிடி கொம்பனி கை மாறிக்கொண்டிருந்தா நான் கீறி வைச்சிருக்கிற பைலுக்கு என்ன நடக்கும்?

இதைத்தான் எல்லாரும் முதல் கேக்கோணும், கடைசியாத்தான் கேக்கினம். ஆல்டியத்தின்ர பைல் வெறும் எழுத்தில்லை, நோட்பாட்டில திறந்தா குப்பைதான் தெரியும், திறக்க அந்த சொஃப்ட்வெயார் வேணும். இப்போதைக்கு ஆல்டியம் எங்கயும் போகேல்ல, பழைய ப்ரொடெல் பைலையும் உள்ள இழுக்குது, பயப்பிட ஒண்டுமில்லை.

ஆனா ஈகிளின்ர கதையைப் பாருங்கோ. 1988ல ஜேர்மனியில தொடங்கின சொஃப்ட்வெயார், விலை குறைவெண்டு உலகம் முழுக்கப் பெடியள் பழகினது, 2016ல அதே ஓட்டோடெஸ்க் வாங்கினது, 2023ல அறிவிச்சினம் 2026 ஜூன் 7ஓட நிப்பாட்டுறம் எண்டு. அதால நான் ஒவ்வொரு வேலை முடியவும் ஸ்கிமாட்டிக்கை பிடிஎஃப் ஆக்கி, சாமான் லிஸ்டையும் தொழிற்சாலைக்கு அனுப்பிற கெர்பர் பைலையும் சேத்து ஒரு போல்டரில போட்டுவிடுறன். எந்தக் கொம்பனி படுத்தாலும் போர்ட்டைத் திரும்பச் செய்யலாம்.

அக்கா, ஒளிக்காமச் சொல்லுங்கோ, கிராக், அதாவது காசு குடுக்காம உடைச்ச கொப்பிதானே எல்லாரும் பாவிக்கினம்?

நான் பழகின 99 எஸ்ஈ காசு குடுத்து வாங்கினதெண்டு சொன்னா நீங்கள் நம்பமாட்டியள். டொலர் முந்நூறு ரூபா போற நாட்டில அந்த லைசென்ஸ் விலை என்ர கடையின்ர ஒரு வருச வருமானத்தோட மல்லுக்கட்டும். அது உண்மை. பென்டிரைவில வந்த ஒரு கிராக்கோட வைரஸ் வந்து எங்கட வகுப்பு மெஷின் நாலும் படுத்ததும் உண்மை, அண்டையோட நிப்பாட்டினது.

இப்ப தேவையுமில்லை. கம்பஸ் பிள்ளையளுக்கு ஆல்டியமே மாணவர் லைசென்ஸ் சும்மா தருது, அறிவியல் நகரில பொறியியல் படிக்கிற ஆக்கள் படிக்கிற இடத்து இமெயிலைக் குடுத்துக் கேட்டுப் பாருங்கோ. படிப்பு முடிஞ்சு அதில வெளி ஆக்களுக்கு வேலை செய்து காசு வாங்கேலாது. மற்ற ஆக்களுக்கு அடுத்த கேள்வி.

கீகாட் சும்மா கிடைக்குது எண்டா அது சும்மா சாமான்தானே?

ஆஸ்பத்திரியும் இஞ்ச சும்மாதான். கீகாட்டும் ஆல்டியம் மாதிரி போர்ட் கீறுற சொஃப்ட்வெயார்தான். கீகாட்டைத் தொடங்கினவர் ஜோன்-பியர் ஷராஸ், பிரான்ஸின்ர கிரெனோபிளில படிப்பிச்சவர், 1992ல. திரும்பவும் ஒரு படிப்பிக்கிற இடம்தான், கவனிச்சியளோ. பிற்காலத்தில சேர்ன், அந்த அணுத்துகளை மோத விடுற ஐரோப்பிய ஆராய்ச்சி நிலையம், தங்கட ஆக்களைக் குடுத்து வளத்துவிட்டது. அதின்ர பைல் வெறும் எழுத்து, நோட்பாட்டில வாசிக்கலாம், மேல பைல் பற்றிக் கேட்டதுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஆல்டியம் பைலையும் உள்ள இழுக்கும், எழுத்து, செப்பு நிரப்பின இடம் எல்லாம் ஒருக்காச் சரிபாக்கோணும்.

வகுப்பில இப்ப கீகாட்தான். ஆனா ஒரு விசயம், கொழும்பில வேலைக்கு விளம்பரம் போடேக்க ஆல்டியம் தெரியோணும் எண்டு போடுற ஆக்கள் இருக்கினம், அதால நேர்முகத்துக்குப் போற பிள்ளையளுக்கு ஒரு மாசம் அதையும் காட்டிவிடுறன். ஒண்டில வடிவாப் பழகினவைக்கு மற்றதில பட்டன் எங்க கிடக்கெண்டு தேடுறதுதான் வேலை.

கெர்பர் பைல் அனுப்பு எண்டு கேக்கினம், கெர்பர் எண்டா என்ன?

ஒராளின்ர பேர். ஜோசப் கெர்பர், 1924ல வியன்னாவில பிறந்த யூதப் பெடியன், நாசியள் வரவும் பட்ட பாடெல்லாம் பட்டு, 1940ல தாயோட அமெரிக்காவுக்குத் தப்பிப் போனவர். அங்க போய் பொறியியல் படிச்சுத் தொடங்கின கொம்பனியில போட்டோ பிளொட்டர் எண்ட மெஷின் வந்தது, வெளிச்சத்தால பிலிமில போர்ட்டைக் கீறுற மெஷின், அதுக்கு விளங்கின பாஷைதான் இண்டைக்கு உலகம் முழுக்க எல்லாப் போர்ட் தொழிற்சாலையும் கேக்கிற பைல். இடம்பெயந்து வந்த ஒராளின்ர பேரைத்தான் நாங்கள் ஒவ்வொரு ஓடருக்கும் எழுதுறம், வகுப்பில இதைச் சொன்னா கொஞ்சநேரம் சத்தமிருக்காது.

செப்புக்கு ஒரு பைல், பச்சைப் பூச்சுக்கு ஒண்டு, வெள்ளை எழுத்துக்கு ஒண்டு எண்டு வரும். ஓட்டைக்குத் துளை பைல் தனி. அதை விட்டிட்டு அனுப்பிப்போட்டு ஏன் பதில் வரேல்ல எண்டு என்னட்டை வாறவைதான் கூட.

சொஃப்ட்வெயாரில எல்லாம் சரி, ஒரு பிழையும் இல்லை எண்டு காட்டினது, பிறகேன் போர்ட் எரிஞ்சது?

பரந்தன் பக்கம் ஒரு தோட்டக்காரர் கேட்டு நான் செய்த போர்ட்டும் இப்பிடித்தான் எரிஞ்சது, அதால வெக்கப்படாதேங்கோ. கிணத்தில தண்ணி வத்தினா மோட்டரைத் தானா நிப்பாட்டுற சாமான். ரிலேயில, அதாவது மோட்டரைப் போட்டு நிப்பாட்டுற சுவிட்சில, இருந்து மோட்டருக்குப் போற பாதையையும் மற்ற சிக்னல் பாதை மாதிரியே 10 மில், அதாவது கால் மில்லிமீட்டரில விட்டிட்டன். சொஃப்ட்வெயார் சத்தம் போடேல்ல, ஏனெண்டா முட்டக்கூடாத இடத்தில ஒண்டும் முட்டேல்ல. அதுக்கு நான் சொல்லிவைச்ச சட்டம் அவ்வளவுதான், அந்தக் கோட்டால 5 அம்பியர் போகப்போகுது எண்டு நான் சொல்லவேயில்லை.

சாதாரண 35 மைக்ரோன் செப்பில, வெளிப்பக்கம், 5 அம்பியருக்குச் சூடு 10 பாகை மட்டும் ஏறோணுமெண்டா பாதை கிட்டத்தட்ட 2.7 மில்லிமீட்டர் அகலம் வேணும். மோட்டர் ஸ்டார்ட் எடுக்கேக்க இதைவிடப் பல மடங்கு இழுக்கும். ஆல்டியத்திலயும் கீகாட்டிலயும் இந்த வயர் இவ்வளவு அகலம் எண்டு ஒவ்வொரு கூட்டத்துக்கும் சட்டம் போடலாம், போடுங்கோ. அவர் கொண்டுவந்து தந்த போர்ட்டில அந்தக் கோடு இருந்த இடத்தில கறுப்புத் தழும்பு மட்டும்தான், விரலால தடவினா கரி. புதுசு செய்து குடுக்கேக்க பாதையை 5 மில்லிமீட்டர் ஆக்கி மேல ஈயமும் ஊத்திவிட்டன், ரெண்டு போகம் ஓடிட்டுது. பழசை வகுப்புச் சுவரில ஆணி அடிச்சுத் தொங்கவிட்டிருக்கிறன்.